அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள்

வணக்கம் ஐயா,

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். உட்கார முடியாது, பேச்சு இல்லை, குழாய் வழியாகத்தான் உணவு. சென்ற மாதம் அவளுடைய பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பாட்டி மடியில் வைத்துக் கேக் வெட்டினோம். அண்ணன் அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டார். முன்பின் தெரியாதவர்கள் வந்து எழுதுகிறார்கள். "இப்படி வைத்து வதைப்பதற்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடலாம்" என்கிறார் ஒருவர். "பெற்றவர்கள் செய்த பாவம்" என்கிறார் இன்னொருவர். அண்ணன் விடிய விடிய உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் எழுதுகிறார்: அவளுக்கு எங்கள் குரல் தெரியும், பாட்டுக் கேட்டால் சிரிப்பாள் என்று. அண்ணி போனைத் தொடுவதே இல்லை. வீடியோவை எடுத்துவிடு என்று சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். அவர் போட்டது தவறா?

ஓர் அத்தை, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

தவறே இல்லை. வலிப்பு வரும் நேரத்தையும் குளிப்பாட்டும் நேரத்தையும் படம்பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன்; வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத பிள்ளைகள் அவர்கள். உங்கள் அண்ணன் போட்டது பாட்டி மடியில் பட்டுப்பாவாடையோடு இருக்கும் பிறந்தநாள் பிள்ளையை. அதில் யாரிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

என் கவலையெல்லாம் அவர் விடிய விடிய எழுதும் பதில்களைப் பற்றித்தான். ஊசி போடச் சொன்ன ஆளிடம் "அவள் சிரிப்பாள்" என்று சொல்லும்போது, சிரித்தால் வாழலாம் என்ற அந்த ஆளின் நிபந்தனையை நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. நாளைக்கே காய்ச்சலில் அவள் சிரிக்காமல் கிடந்தால்? சிரிக்கவும் முடியாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காக யார் பேசுவது?

ஜப்பானில் சாகமிஹாரா நகரில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்துக்குள் 2016 ஜூலை 26 அதிகாலை ஒருவன் கத்தியோடு நுழைந்தான். முன்பு அங்கேயே வேலை பார்த்தவன். பணியில் இருந்தவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, படுத்திருந்த ஒவ்வொருவரையும் காட்டி, இவர் பேசுவாரா என்று கேட்டான். பேச முடியாதவர்களைத் தேடித் தேடிக் குத்தினான். 19 பேர் இறந்தார்கள், 26 பேர் காயமடைந்தார்கள். சில மாதங்களுக்கு முன்பு அவன் எழுதிய ஒரு கடிதத்தில், பல குறைபாடுகள் உள்ளவர்களைக் காப்பாளரின் சம்மதத்தோடு கருணைக்கொலை செய்யும் உலகமே தன் இலக்கு என்று சொல்லியிருந்தான். எவ்வளவு இரக்கமான பேச்சு! ஊசி போடச் சொன்னவரும் தன்னைக் கொடியவர் என்று நினைத்திருக்கமாட்டார். பிள்ளைமீது பரிதாபப்பட்டதாகவே நம்பிக்கொண்டு தூங்கப் போயிருப்பார். வசையைவிட இந்தப் பரிதாபத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அந்தக் கொலைகாரனை ஆதரித்தும் இணையத்தில் எழுதினார்கள். குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் இறந்தவர்களின் பெயர்களைக் காவல்துறை வெளியிடவில்லை. 2020 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது ஒரு தாய் தன் 19 வயது மகளின் பெயரையும் படங்களையும் வெளியே கொடுத்தார். இப்படி ஒருத்தி வாழ்ந்தாள் என்பது தெரியட்டும் என்பதற்காக. உங்கள் அண்ணனின் வீடியோவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எடுக்க வேண்டாம்.

பாவம் என்று சொன்னவர் விஷயத்துக்கு வருகிறேன். குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவது, கடுமையான மஞ்சள் காமாலை, தொற்று ஆகியவை மூளை முடக்குவாதத்துக்குக் காரணமாகலாம். இதை அண்ணியிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே அறிந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் சொல்லக் கேட்பது வேறு.

பிரான்சின் தளபதி சார்ல் த கோலின் இளைய மகள் ஆன், 1928இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தாள். அதற்குக் காரணமான கூடுதல் குரோமோசோம் பற்றிய ஆய்வு வெளிவந்தது 1959இல். அதுவரை பெற்றோரின் நோயையும் குடியையும் காரணமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். இத்தகைய பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிடுவது வழக்கமாயிருந்த காலத்தில், அந்தப் பெற்றோர் அவளைத் தங்களோடே வைத்துக்கொண்டார்கள். ஊரே இறுக்கமானவர் என்று சொன்ன மனிதர், மகளுக்காகப் பாடினார், ஆடினார். 20 வயதில் அவள் இறந்துபோனாள். சாதனை என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இனி செய்ய வேண்டியவை. பின்னூட்டங்களை அண்ணன் படிக்க வேண்டாம். நீங்களோ ஒரு நண்பரோ உட்கார்ந்து, மோசமானவற்றைத் தேதியோடும் கணக்கின் பெயரோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு நீக்கிவிட்டு அந்தக் கணக்குகளைத் தடை செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92, மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்துபவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் கொடுக்கும் புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய் உள்ளவர்களையும் பிற மாற்றுத்திறனாளிகளையும் கேலி செய்த நகைச்சுவைப் பேச்சாளர்களைப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புகாரின் வாசகத்தை அனுப்பினால் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். எடுத்துவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம் அடுத்த பிறந்தநாளுக்கு வந்து படத்தில் நிற்கச் சொல்லுங்கள்.