அடுப்படிக் கேள்விகள்: முதலில் வெறுஞ்சோறு

கேள்வி: மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். மாசி மாதம் நானும் இவரும் இரண்டு கிழமை அவளோடு நிற்கப் போகிறோம். அங்கே போனால் சீனக்காரரின் சிக்கன் றைஸ் சாப்பிடாமல் வரக்கூடாது என்கிறார்கள். சந்திக்குச் சந்தி கடை இருக்கிறதாம். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, பரந்தன்)

பதில்: தங்கச்சி, என் அக்கா கலியாணம் கட்டிப் போனது அந்த ஊருக்குத்தான். மூன்று தடவை போய் நின்றிருக்கிறேன். முதல் தடவை அத்தான் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "கோழியைத் தொடாதே, சம்பலைத் தொடாதே, வெறுஞ்சோற்றில் ஒரு கரண்டி தின்று பார்" என்றார். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் என் முதல் வாய் அதுதான்.

ஏனென்றால் அந்தச் சாப்பாட்டில் கைவேலை முழுவதும் சோற்றில்தான் இருக்கிறது. கோழிக்கொழுப்பை உருக்கி, அதில் உள்ளியும் இஞ்சியும் வதக்கி, கழுவி வடித்த அரிசியை அதிலே புரட்டி, கோழி அவித்த தண்ணீரை ஊற்றி, ரம்பை இலை போட்டு ஆக்குகிறார்கள். நல்ல கடையில் ஒவ்வொரு சோறும் தனித்தனியாக நிற்கும், மேலே மினுக்கம் இருக்கும், ஆனால் கையில் எண்ணெய் ஒட்டாது. வாயில் வைத்தால் முதலில் உள்ளி, பிறகு கோழி மணம். வெறுஞ்சோறாகவே ஒரு தட்டு தின்னலாம் போல இருந்தால் அந்தக் கடையில் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். சோறு களியாகவோ, மணமில்லாமலோ இருந்தால் கோழி எவ்வளவு மெதுவாக இருந்தாலும் நான் அங்கே திரும்பிப் போவதில்லை. வயல் செய்கிற நமக்குச் சோற்றைப் பார்க்கத் தெரியாதா? உங்கள் நாக்கை நம்புங்கள்.

அடுத்தது கோழி. அதை வறுப்பதில்லை, கொதிக்கவும் விடுவதில்லை. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிற்கும் தண்ணீரில் முழுக்கோழியாக மெல்ல அவியவிட்டு, எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போடுகிறார்கள். அதனால் தோல் இறுகி வழுவழுப்பாகிறது. வெட்டின துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படை தெரிந்தால் அது நல்ல கை. கோழி சூடாக இராது, பழுதாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். சோறும் சூப்பும் சூடாக வரும். பொரித்த மாதிரிச் சிவந்து தொங்குகிற கோழியும் இருக்கும், இவருக்கு அது பிடிக்கலாம். நீங்கள் முதலில் வெள்ளைக் கோழியைக் கேளுங்கள்.

பிறகு மிளகாய்ச் சம்பல். சிவப்பு மிளகாய், இஞ்சி, உள்ளி, தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் கோழித் தண்ணீர். அன்று அரைத்ததா, போத்தலில் கிடந்ததா என்று மணத்திலேயே தெரிந்துவிடும். கூடவே கறுப்பு சோயாவும் இஞ்சி அரைத்ததும் வைப்பார்கள்.

இனி இடங்கள். சைனாடவுனுக்குப் பக்கத்தில் மெக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் இருக்கிறது. 2022 நவம்பரில் வாசலிலேயே ரயில் நிலையமும் வந்துவிட்டது, கால் நோகாமல் போகலாம். அங்கே தியான் தியான் என்ற கடையின் வரிசையைத் தூரத்திலிருந்தே காண்பீர்கள். பெயர் பெற்ற கடை, சோறு பெயருக்குக் குறைவில்லை. ஆனால் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய் வெயிலில் இவரை நிற்க வைக்க வேண்டாம். பதினொரு மணிக்கே போய்விடுங்கள், கோழியும் அப்போதுதான் புதிதாக இருக்கும். நடந்தால் இரண்டொரு கடை தள்ளி இன்னொருவரும் விற்கிறார். இரண்டு தட்டு வாங்கி நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிச் செய்த நாளில்தான் சோற்றின் வித்தியாசம் எனக்கு உண்மையில் விளங்கியது.

ஆறுதலாக மேசையில் இருந்து சாப்பிட வேண்டுமென்றால் பூன் தோங் கீ. 1979இல் தொடங்கியது, பலஸ்டியர் வீதியில் கிளை இருக்கிறது. நொவீனா பக்கம் வீ நாம் கீ. ஓர்ச்சட் வீதி ஹோட்டலில் சட்டர்பொக்ஸ் என்று 1971இலிருந்து நடக்கும் இடமும் உண்டு. அங்காடியில் ஒரு தட்டு 4, 5 வெள்ளி (அங்கே டொலரைத் தமிழர் அப்படித்தான் சொல்வார்கள்) என்றால், அந்த ஹோட்டலில் 20 வெள்ளிக்கு மேல் போகும். மகள் கூட்டிக்கொண்டு போனால் போங்கள், தேடிப் போக வேண்டியதில்லை.

எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம் மிடில் வீதி, பர்விஸ் தெருப் பக்கம். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர் குடியிருந்த தெருக்கள் அவை. மற்றச் சீனருக்குப் பிந்தி வந்ததால் நல்ல வியாபாரமெல்லாம் மற்றவர் கைக்குப் போயிருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் கோக்கியாகவும் கோப்பிக்கடைகளிலும் வேலை பார்த்தார்கள். ஊரில் வென்சாங் என்ற ஹைனான் வட்டாரத்துக் கோழியை அவித்துச் சாப்பிட்ட பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். 1920களில் அந்தப் பக்கத்தில் ஒருவர் கோழிச்சோற்றை உருண்டையாகப் பிடித்து வாழையிலையில் சுற்றி விற்றிருக்கிறார். அவரிடம் தொழில் பழகியவர் மிடில் வீதியில் நடத்திய சுவீ கீ கடை 1997 வரைக்கும் இருந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் ஒரு சட்டிச் சோற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று அத்தான் சொன்னபோது, நலன்புரி முகாம் வாசலில் அப்பம் சுட்டு விற்ற நம்முடைய பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அந்தத் தெருக்களில் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். அதே சோறு எங்களுக்கும் கிடைக்குமா?
(வாசகர், தண்ணீரூற்று)

பதில்: தாராளமாக. அங்கே முயிஸ் என்ற இஸ்லாமியச் சபை ஹலால் சான்று கொடுக்கிறது, கடை முன்னால் ஒட்டியிருப்பார்கள். மலாய்க்காரரின் கடைகளில் 'நாசி ஆயாம்' என்று கேளுங்கள். அங்கே பொரித்த கோழிதான் பெரும்பாலும் வரும், சோறு அதே முறைதான். நான் மேலே சொன்ன சீனக் கடைகளில் சான்று இருக்கிறதா என்று வாசலில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் எனக்குத் தந்த கோழியில் எலும்புக்குள் இரத்தச் சிவப்பு இருந்தது. சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன். செய்தது சரியா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: இளங்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து அந்த நிறம் கசியும், அவிந்த கோழியிலும் இருக்கும். எலும்பைப் பார்க்காமல் தொடையின் தடித்த இறைச்சியைப் பாருங்கள். அது வெள்ளையாக, வடிகிற நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. இறைச்சியே பளபளவென்று ரோஸ் நிறத்தில் வழுக்கினால் தட்டைத் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் போக வசதியில்லை. கிளிநொச்சியில் எந்தக் கடையில் கிடைக்கும்? இல்லாவிட்டால் வீட்டில் ஊர்க்கோழியில் செய்யலாமா?
(வாசகி, கனகபுரம்)

பதில்: ஏ9 வீதியில் 'சைனீஸ்' என்று பலகை போட்ட கடைகளில் சிக்கன் றைஸ் என்று கேட்டால் பிறைட் றைசுக்கு மேல் பொரித்த கோழிக்கால் வைத்துத் தருவார்கள். அது வேறு சாப்பாடு. நெருப்பைக் கூட்டித் தாச்சியில் நமது பெடியள் பிரட்டுகிற அந்தச் சோறு எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் கேட்கிறதை நான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதுவரை காணவில்லை. வீட்டில் செய்யுங்கள்.

ஊர்க்கோழி தாராளமாகச் சரி, ஆனால் முட்டையிட்டுக் கிழடான பேடு வேண்டாம். முட்டைக்கு வராத விடைக்கோழி வாங்குங்கள். ஹைனானிலும் தேங்காய்ப்பூவும் கச்சான் புண்ணாக்கும் தின்று முற்றத்தில் திரிந்த கோழிக்குத்தான் மதிப்பு. நான் முதல் தடவை அயல்வீட்டுப் பெரிய பேட்டை வாங்கி, விறகடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டேன். தோல் கிழிந்து, நெஞ்சிறைச்சி தும்புக்கயிறாகப் போனது. வந்திருந்த விருந்தினர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. இரண்டாவது தடவை காஸ் அடுப்பில் செய்தேன், சரிவந்தது.

ஒன்றரைக் கிலோக் கோழியின் வாற்பக்கத்து மஞ்சள் கொழுப்பை வெட்டி எடுத்து வையுங்கள். கோழிக்கு உப்புத் தேய்த்துக் கழுவி, இஞ்சியும் வெங்காயத்தாளும் வயிற்றுக்குள் வையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு கோழியை இறக்கி, நெருப்பை ஆகக் குறைத்து மூடுங்கள். மேலே ஒன்றிரண்டு குமிழிதான் வர வேண்டும். நாற்பது நிமிடத்தில் தொடையில் குத்திப் பாருங்கள், நீர் தெளிவாக வந்தால் எடுத்து ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம். ஐஸ் வீட்டில் உறைய வைத்ததாக இருக்கட்டும், மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை இதற்கு எடுக்கக் கூடாது.

அரிசி வெள்ளைப் பச்சை அரிசியாக இருக்க வேண்டும், கடையில் தாய்லாந்து அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. புழுங்கல் அரிசியில் இந்த மணம் ஏறாது. கொழுப்பை உருக்கி, இஞ்சி உள்ளி வாசம் வந்ததும் வடித்த அரிசியை மூன்று நிமிடம் பிரட்டி, ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் கோழித் தண்ணீர், ஒரு துண்டு ரம்பை. றைஸ் குக்கரில் போட்டாலும் சரிதான். மிஞ்சின தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கோவா நாலு துண்டு, வெங்காயத்தாள், மிளகுதூள் போட்டுக் கொதிக்கவைத்தால் அதுதான் தட்டோடு வைக்கிற சூப்.