தாலமி தலையில் ஏன் கிரீடம்?

கேள்வி: எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறை நடைக்கூடத்தில் வரலாற்றறிஞர்கள், புவியியல் அறிஞர்களின் படங்களை மாட்டவிருக்கிறோம். ஹெரோடோட்டஸ், தாலமி ஆகியோரின் உண்மையான உருவப்படம் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. கிரேக்க வரலாற்றறிஞர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயர் பொறித்த மார்பளவுச் சிலைகள் பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியர் காலத்தில் செதுக்கப்பட்டவை. பண்டைப் புவியியல், வானியல் அறிஞர் தாலமி நிலை இன்னும் மோசம். 1470களில் இத்தாலியின் உர்பினோ அரண்மனைப் படிப்பறைக்காக 28 சான்றோரை வரைந்தபோது அவருக்குக் கிரீடம் வைத்துவிட்டார்கள். எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களோடு அவரைக் குழப்பிக்கொண்டதன் விளைவு அது. அந்தப் படம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1973 சோவியத் அஞ்சல்தலையில் உள்ள இடைக்கால அறிஞர் அல்பிரூனியின் முகமும் கற்பனைதான்.

வரைபட அறிஞர் மெர்கேட்டர் அப்படியல்ல. அவர் உயிரோடிருந்தபோதே, 1574இல், ஹோகன்பெர்க் செப்புத்தகட்டில் செதுக்கிய படம் உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு (அளவைக்கு அடிப்படையான நேர்கோடு) அளந்து, இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாக அளந்த பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டனையும், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1822இல் வில்லியம் ஹேவெல் வரைந்தார். அவரை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், வாழ்ந்த காலம், வரைந்தவர், வரைந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். கற்பனையென்றால் 'கற்பனை ஓவியம்' என்றே போடுங்கள். சான்றில்லாத முகத்தைச் சான்றுபோல் காட்டுவது வரலாற்றுத் துறைக்கு அழகல்ல. முகமே தெரியாதவருக்கு அவருடைய வரைபடத்தையோ சுவடிப் பக்கத்தையோ மாட்டலாம். அதுவே மேல் என்பேன்.

கேள்வி: முன்பு மாட்டிய ஏ3 படங்கள் நெளிந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. ஏன்?

பதில்: தாளும் கண்ணாடியும் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். ஈரம் கோத்ததும் மை கண்ணாடியில் ஒட்டிவிடும். முழுப் பரப்பிலும் பசை தடவினால் தாள் விரிந்து சுருங்க வழியின்றி நெளியும். நடுவே சன்னல் போல் வெட்டிய, அமிலமற்ற 2 மி.மீ. அட்டையை இடையில் வையுங்கள். தாளை மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். சட்டத்தின் கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும், பூஞ்சணம் குறையும்.

ஏ3 அளவில் தெளிவாக அச்சாக 3508 × 4961 பிக்சல் வேண்டும். அச்சகத்தில் நிறமி மை (pigment ink) கேளுங்கள். சாய மை (dye ink) வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.