பிள்ளைக்கு இன்னொரு பெரியவர் துணை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் மீன் வியாபாரம் செய்கிறேன். பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு அவன் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் சில பையன்களோடு திரிகிறான். போன மாதம் ஓர் அடிதடியில் சிக்கி, போலீஸார் எச்சரித்து அனுப்பினார்கள். நான் வாயைத் திறந்தாலே கதவை அறைந்து சாத்துகிறான். எங்கள் தெருவில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன், “சாயங்காலம் என்கிட்ட அனுப்பும்மா, நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். படிப்பை விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன், உங்கள் மகன் கெட்டுப்போய்விட்டான் என்ற எண்ணத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். தந்தையை இழந்த ஆண்பிள்ளை அழுவதற்கு நம் ஊரில் இடம் தருவதில்லை. “இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை” என்று சாவு வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தத் துக்கம் பிறகு கோபமாகத்தான் வெளியே வருகிறது. தவிரவும், உணர்ச்சியை அடக்கி, விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிவிடுகிறது. அதுவரை வெளியிலிருந்து ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கை தாயுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல துன்பங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தங்களை விடாமல் பொருட்படுத்திய ஒரு பெரியவரின் உறவு. பலருக்கு அது பெற்றோருக்கு வெளியே, பாட்டியாகவோ ஆசிரியராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ அமைந்திருந்தது.

நானே அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஆசிரியராக இருந்த காலத்தில், வகுப்பில் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை, எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மாலை நேரங்களில் தம் கடையில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு நாள் கார்புரேட்டரைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் அடுக்கச் சொன்னார். திரும்பப் பூட்டும்போது சின்னஞ்சிறு ஸ்க்ரூ ஒன்றைக் காணவில்லை. பையன் முகம் வெளுத்து, அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச் லைட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, தானும் மண்டியிட்டு, ஆயில் ஊறிய தரையைத் தடவத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து அது அவன் செருப்பின் அடியிலேயே ஒட்டியிருந்தது தெரிந்தது. மறுநாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தவறு செய்தால் விரட்டப்படமாட்டோம் என்பதை அந்தப் பையன் அன்றுதான் முதல்முறையாகக் கண்டான் என்று நான் இன்றும் நம்புகிறேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை சண்டை போட்டான். மாற்றம் மெல்லத்தான் வந்தது.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவை. பள்ளிக்குப் போன நாளில்தான் கடைக்கு வரலாம் என்று அந்த அண்ணனே அவனிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது தண்டனையாகக் காதில் விழும். கடை தெருவைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். இரவுத் தங்கலோ, “அம்மாகிட்ட சொல்லாதே” என்ற ரகசியமோ எந்தக் காரணத்தாலும் கூடாது. யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த எல்லையைத் தளர்த்தாதீர்கள். உண்மையிலேயே நல்லவர் இதற்காக வருத்தப்படமாட்டார். அவன் கற்றுக்கொள்ளப் போகிறான், ஆளாக வேலைக்குச் சேரவில்லை என்பதும் இருவருக்கும் தெளிவாக இருக்கட்டும். பிளஸ் டூவுக்குப் பிறகும் இந்தத் தொழிலில் ஆர்வம் இருந்தால், அரசு ஐ.டி.ஐ.யில் முறையாகப் படிக்கலாம்.

இன்னொன்று: “அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்” என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். அவனுக்குக் கிடைத்த ஒரே புகலிடம் அந்த ஒரு சொல்லில் போலீஸ் நிலையமாகிவிடும். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அவன் கடைக்குப் போகாமல் இருப்பான். அண்ணன் தேடி வருகிறாரா என்று பார்ப்பதற்காகவே அப்படிச் செய்வான். அவரைத் தேடி வரச் சொல்லுங்கள். தூக்கமில்லாமை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மெக்கானிக் அண்ணனை மட்டும் நம்பியிராமல், உடனே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையோ அழையுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் பகுதியில் வழிதவறும் ஒரு பையனுக்கு உதவ ஆசைப்படுகிறேன். எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டியிருக்கும்?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: குறைந்தது ஓர் ஆண்டு, ஐயா. அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பின் வழியே பெரியவர் துணை பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்து 1995இல் ஓர் அறிக்கை வெளியானது. துணை கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடங்கும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. அதே தரவுகளை மீண்டும் அலசி 2002இல் வந்த ஆய்வு சொன்னதுதான் நமக்கு முக்கியம்: ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகள் அதிக நன்மை தந்தன, மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளிலோ பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்டவனை மீண்டும் ஒருமுறை கைவிடுவதாக அது முடிகிறது. வெளியூரில் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கும் எண்ணம் இருந்தால், திரும்பி வந்த பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: என் மகன் சிலம்ப ஆசான் சொல்வதைத் தட்டுவதில்லை. நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பெற்றவனுக்கு இது வலிக்கிறது.
– ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்

பதில்: வலிக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவனைத் தட்டிக்கொடுக்கும் ஆசானுக்கு அவனுடைய மதிப்பெண்ணைப் பற்றியோ, வீட்டுக் கடனைப் பற்றியோ கவலை இல்லை. அந்தக் கவலை முழுவதையும் சுமந்துகொண்டு பேசுவதால்தான் உங்கள் குரல் கடுமையாகிவிடுகிறது. ஆசானோடு போட்டி போடாதீர்கள், மகன் எதிரில் அவரைக் குறைத்துப் பேசாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பயிற்சித் திடலுக்குப் போய், ஓர் ஓரமாக நின்று, அவன் கம்பு சுற்றுவதைக் கடைசி வரை பாருங்கள். வீடு திரும்பும் வழியில் அவனாகப் பேசும்வரை எதையும் கேட்காதீர்கள்.