கணினி கேள்வி பதில்: விண்டோஸ் மடிக்கணினியில் மக்ஓஎஸ்

அப்பிள் நிறுவனம் தயாரிக்காத கணினியில் அதன் மக்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவுவதை ‘ஹக்கின்டோஷ்’ என்பார்கள். கொழும்பு வாசகர்கள் பலர், அதிலும் மாணவர்கள், இதைப் பற்றியே எழுதியிருப்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவன். ஐபோன் செயலி ஒன்றை உருவாக்குவதே என் செயற்றிட்டம். பம்பலப்பிட்டியில் வாங்கிய 11ஆம் தலைமுறை கோர் ஐ5 மடிக்கணினியில் ஓப்பன்கோர் என்ற தொடக்க நிரல் மூலம் மக்ஓஎஸ் வென்சுராவை நிறுவிவிட்டேன். ஆனால் ஒரு சாளரத்தை இழுத்தால் அது விட்டு விட்டு நகர்கிறது. திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லை. எந்தக் கோப்பைச் சேர்த்தால் சரியாகும்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: எந்தக் கோப்பைச் சேர்த்தாலும் சரியாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செயற்றிட்டத்துக்கு உரிய மாதங்களை நீங்கள் இதிலேயே தொலைத்துவிடுவீர்கள். உங்கள் கணினியின் செயலியில் (புரொசசர்) அடங்கியிருப்பது ஐரிஸ் எக்ஸ்ஈ கிராபிக்ஸ். அப்பிள் 2020இல் வெளியிட்ட மக்புக்குகளில் 10ஆம் தலைமுறை இன்டெல் செயலிகள் வரை பயன்படுத்தியது; அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறிவிட்டது. ஆகவே 11ஆம் தலைமுறை எந்த மக் கணினியிலும் இடம்பெறவில்லை, அதற்கான கிராபிக்ஸ் இயக்கி (டிரைவர்) மக்ஓஎஸ்ஸிலும் எழுதப்படவில்லை. இயக்கி இல்லாதபோது ஒவ்வொரு சாளரத்தையும் பிரதான செயலியே வரைய வேண்டியிருக்கிறது. நீங்கள் காணும் தடுமாற்றம் அதனால் வருவது. 12ஆம், 13ஆம் தலைமுறை மடிக்கணினி வைத்திருப்போருக்கும் இதே பதில்தான்.

மேசைக்கணினி என்றால் பொருத்தமான ரேடியோன் கிராபிக்ஸ் அட்டை ஒன்றைச் செருகித் தப்பிவிடலாம். மடிக்கணினியில் அதற்கு இடமில்லை. என்விடியா சேர்ந்த மாதிரி வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் உதவாது. மெக்ஸ்வெல், பாஸ்கல் வகை அட்டைகளுக்கான இயக்கிகள் ஹை சியரா என்ற பழைய மக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிட்டன. பழைய கெப்ளர் வகைக்கான ஆதரவையும் பின்னர் வந்த மொன்டரே பதிப்பு நீக்கிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது மக்ஓஎஸ் அல்ல, ஐபோன் செயலிகளைத் தொகுக்கும் அப்பிளின் எக்ஸ்கோட் நிரல். எக்ஸ்கோட் 16ஐ இயக்கவே அடுத்த பதிப்பான சொனோமா 14.5 வேண்டும் என்பதால் வென்சுரா எப்படியும் போதாது. உங்கள் ஐபோன் செயலியை ஃபிளட்டர் என்ற கருவியில் விண்டோஸிலேயே எழுதி, ஐபோனுக்கான தொகுப்பை மட்டும் கிட்ஹப் இணையத்தளம் வழங்கும் மக் இயந்திரங்களில் செய்துகொள்ளலாம். தினமும் மக் தேவைப்படும் என்றால், நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாவித்த எம்1 மக் மினி ஒன்றை வாங்குவதே நான் மனமார விரும்பும் வழி.

கேள்வி: என்னிடம் இருப்பது யூஎச்டி 620 கிராபிக்ஸ் கொண்ட 8ஆம் தலைமுறை மடிக்கணினி. அதே மாதிரிக்கென ஒருவர் இணையத்தில் வைத்திருந்த, ஓப்பன்கோர் அமைப்புகள் அடங்கிய இஎஃப்ஐ கோப்புறையை அப்படியே பென் டிரைவில் போட்டேன். வரிகள் ஓடி, இறுதியில் ‘ஸ்டில் வெயிட்டிங் ஃபோர் ரூட் டிவைஸ்’ என்று திரும்பத் திரும்ப வந்து, குறுக்குக் கோடு போட்ட வட்டம் தோன்றுகிறது. தாய்ப்பலகை பொருந்தாது என்று பழுதுபார்ப்பவர் சொல்லிவிட்டார். திரையின் படத்தை இணைத்துள்ளேன்.
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவருடைய முடிவை ஏற்க வேண்டாம். தாய்ப்பலகை பொருந்தாது என்றால் கணினி இந்த வரிவரை வந்தே இருக்காது. ஓட்டம் எந்த வரியில் நிற்கிறது என்பதே கோளாறின் முகவரி. ‘எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்’ என்பதில் நின்றிருந்தால் நினைவக ஒதுக்கீட்டு அமைப்புகளையோ பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை மென்பொருளில், உள்ள ‘சிஎஃப்ஜி லொக்’ பூட்டையோ சந்தேகித்திருப்பேன். ‘ஜிஐஓ ஸ்கிரீன் லொக்’ என்பதில் உறைந்திருந்தால் கிராபிக்ஸைச் சந்தேகித்திருப்பேன். உங்கள் படம் சொல்வது வேறு. இயங்குதளத்தின் மையமான கேர்னல் எழுந்துவிட்டது, ஆனால் அடுத்து எதிலிருந்து படிக்க வேண்டுமோ அந்த வட்டு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே பென் டிரைவிலிருந்துதானே இவ்வளவு தூரம் வந்தது என்று கேட்கத் தோன்றும். அதுவரை பென் டிரைவைப் படித்தது கணினியின் பயாஸ். கேர்னல் பொறுப்பேற்றதும் அது தன் சொந்த யூஎஸ்பி இயக்கியைக் கொண்டு எல்லாவற்றையும் புதிதாகத் தேடுகிறது. மக்ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 போர்ட்களை மட்டுமே ஏற்கும். வெளியே தெரிவது மூன்று துளைகள்தானே என்று எண்ண வேண்டாம். நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும், உள்ளே இருக்கும் கமராவும் புளூடூத்தும் தனித்தனிப் போர்ட்கள். உங்கள் பென் டிரைவ் செருகியிருக்கும் துளை 15க்கு அப்பால் விழுந்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த வாகனத்திலிருந்து பாதியில் இறக்கிவிட்டது போலாகிவிடும். இந்த எல்லையைத் தளர்த்த ஓப்பன்கோரில் ஓர் அமைப்பு உண்டு, ஆனால் மக்ஓஎஸ் பிக் சர் 11.3 முதல் அதை நம்ப முடியாது.

ஆகவே முதலில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். பழைய யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் வழியாகச் செருகுங்கள், யூஎஸ்பி 2.0 போர்ட்கள் பெரும்பாலும் வரிசையில் முன்னால் எண்ணப்படுவதால் அவை தப்பிவிடும். நிலையான தீர்வு, விண்டோஸில் ‘யூஎஸ்பி டூல்பொக்ஸ்’ நிரலை ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் ஒன்றைச் செருகிப் பார்த்து, தேவையான போர்ட்களை மட்டும் கொண்ட கெக்ஸ்ட் (மக்ஓஎஸ் இயக்கி) கோப்பைத் தயாரித்துக்கொள்வது.

நிறுவி திறந்த பின் கணினியின் உள்ளிருக்கும் எஸ்எஸ்டி பட்டியலில் இல்லையென்றால், பயாஸில் சேமிப்பக முறை ‘ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்ட்’ என்று இருக்கும். அதை ‘ஏஎச்சிஐ’ ஆக்க வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முன்னதாக விண்டோஸில் ‘எம்எஸ்கொன்பிக்’ திறந்து ‘சேஃப் பூட்’ தெரிவு செய்து, மறுதொடக்கத்தின்போது பயாஸை மாற்றி, விண்டோஸ் ஒருமுறை பாதுகாப்பு முறையில் திறந்த பின் அத்தெரிவை நீக்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பு விண்டோஸ் வட்டைப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸைத் தொட்டதும் அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நீலத்திரை நிற்கும்போது, அவற்றைத் தேட உங்களுக்கு வேறு கணினி இருக்காது. எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளையும் ஒருமுறை வாசியுங்கள். சாம்சங் பிஎம்981 என்று இருந்தால், நிறுவலின் நடுவே கேர்னல் நின்றுபோவதற்குப் பேர்போனது அது.

மற்றவருடைய கோப்புறையை இனிப் பயன்படுத்த வேண்டாம். மாதிரிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் டச்பேட், ஒலிச் சில்லு, வைஃபை அட்டை ஆகியவை தொகுதிக்குத் தொகுதி மாறுகின்றன. அதைவிட, அந்தக் கோப்புறையின் ‘கொன்பிக்’ கோப்பில் அவர் பாவிக்கும் தொடரிலக்கமே இருக்கக்கூடும். இருவர் ஒரே இலக்கத்தோடு அப்பிள் கணக்கில் நுழைவது இருவருக்கும் தொல்லை. ஓப்பன்கோருக்கான டோர்ட்டானியா இணைய வழிகாட்டியில் உங்கள் செயலித் தலைமுறைக்கான பகுதியைத் திறந்து, ‘கொன்பிக்’ கோப்பை ஒவ்வொரு வரியாக நீங்களே எழுதுங்கள். இரண்டு மாலைகள் போகும், ஆனால் அடுத்த முறை நின்றால் ஏன் நின்றது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 4ஆம் தலைமுறை மடிக்கணினியில் நிறுவியைத் திறந்தால், ‘த ரிகவரி சேர்வர் குட் நொட் பி கொன்டாக்டட்’ என்கிறது. ரவுட்டரிலிருந்து கேபிள் நேராக இணைத்திருக்கிறேன்.
வாசகர், தெஹிவளை

பதில்: திகதியைப் பாருங்கள். மேலேயுள்ள பட்டியலில் டெர்மினலைத் திறந்து ‘டேட்’ என்று தட்டச்சு செய்தால் கணினி நம்பிக்கொண்டிருக்கும் நாள் தெரியும். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு பழைய மடிக்கணினி 2013ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி என்று காட்டியது. பின்மூடியைக் கழற்றினால், கறுப்புத் தோல் சுற்றி இரண்டு மெல்லிய கம்பிகளோடு ஒட்டியிருந்த நாணய மின்கலம். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1 வோல்ட்டையும் எட்டவில்லை. அப்பிள் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும். 2013இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் வழங்கப்படாத சான்றிதழ், எனவே இணைப்பை அது மறுத்துவிடுகிறது. பயாஸில் திகதியைத் திருத்துங்கள், சீஆர்2032 மின்கலத்தை மாற்றுங்கள். உங்கள் கணினியின் கிராபிக்ஸுக்கு மொன்டரேதான் எல்லை. அதற்கு மேல் முயல வேண்டாம்.

கேள்வி: நிறுவல் வெற்றி. ஆனால் டச்பேட் அசையவில்லை, மின்கல அளவு தெரியவில்லை, மூடியை மூடினால் உறங்குவதில்லை, விசிறி ஓயாமல் சுற்றுகிறது. கணினியில் என்விடியாவும் உண்டு.
வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: மடிக்கணினியில் உண்மையான வேலை நிறுவிய பிறகுதான் தொடங்குகிறது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் ‘ஐ2சி எச்ஐடி’ என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்கு வேண்டியது வூடூஐ2சி என்ற டச்பேட் கெக்ஸ்ட்டும் அதற்குரிய துணைக் கெக்ஸ்ட்டும். இல்லையென்றால் வூடூபிஎஸ்2 போதும். விசைப்பலகைக்காக இரண்டையும் சேர்த்துப் போடும்போது, இரண்டினுள்ளும் வூடூஇன்புட் என்ற ஒரே துணைக்கோப்பு இருப்பதைக் கவனித்து ஒன்றை மட்டும் இயக்குங்கள். இரண்டும் ஏறினால் டச்பேட் செத்ததுபோல் கிடக்கும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுவே.

மின்கல அளவுக்கு வேர்ச்சுவல்எஸ்எம்சி கெக்ஸ்ட்டுடன் வரும் மின்கலத் துணைக்கோப்பு தேவை. பல மடிக்கணினிகளில் அந்த எண்கள் 8 பிட்டைவிட நீளமான புலங்களில் வைக்கப்பட்டிருக்கும். மக்ஓஎஸ்ஸால் அவற்றை நேராக வாசிக்க முடியாது, ஈசிஎனேப்ளர் என்ற கெக்ஸ்ட் அதைத் தீர்க்கிறது. உறக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கொட்டாஞ்சேனை வாசகருக்குச் சொன்ன யூஎஸ்பி போர்ட்களுக்கான கெக்ஸ்ட் கோப்பு. விசிறிக்குக் காரணம் என்விடியா. பயன்படாத அந்த அட்டை மின்சாரத்தை உறிஞ்சிச் சூடேறிக்கொண்டிருக்கிறது. இயக்கியை மறைத்தால் மட்டும் போதாது. அட்டையின் மின்னோட்டத்தையே நிறுத்தும் எஸ்எஸ்டிடி கோப்பைச் சேருங்கள்.

கேள்வி: மக்ஓஎஸ் செக்கோயா நன்றாக ஓடுகிறது. அடுத்த பதிப்பான டஹோவுக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வருகிறது, மாறலாமா? இது சட்டப்படி குற்றமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.
வாசகர், மட்டக்குளி

பதில்: மாற வேண்டாம். 2025இல் வந்த டஹோதான் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு. அதில் அப்பிள் தன் பழைய ஒலி இயக்கியை நீக்கிவிட்டதால், இப்போது பாட்டுக் கேட்கும் அதே ஸ்பீக்கர் மாறிய மறுகணம் மௌனமாகிவிடும்.

அப்பிளின் உரிம ஒப்பந்தம் மக்ஓஎஸ்ஸை அப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. எனவே நீங்கள் செய்திருப்பது ஒப்பந்தத்துக்குப் புறம்பானது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் 2008இல் சைஸ்டார் என்ற நிறுவனம் இப்படிக் கணினிகளைத் தயாரித்து விற்றபோது அப்பிள் வழக்குத் தொடர்ந்தது, 2009இல் நீதிமன்றம் அப்பிள் பக்கம் தீர்ப்பளித்தது. காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு நிறுவிக் கொடுக்க நினைப்போர் இதை அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் கணினியில் தானியங்கிப் புதுப்பிப்பை இன்றே நிறுத்துங்கள். இப்போது நன்றாக ஓடும் இஎஃப்ஐ கோப்புறையை ஃபட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் ஒன்றில் பிரதியெடுத்து, அதிலிருந்து ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பார்த்து, திகதி எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.