சேர்வராயன் மலையில் தீ, சேலத்தில் புகை: செயற்கைக்கோள் படம் பற்றிச் சில கேள்வி பதில்

போன வாரம் ராத்திரி மலைச்சரிவில் தீ மாலை கோத்த மாதிரி எரிந்ததைப் பாதி சேலம் மொட்டை மாடியில் நின்று பார்த்தது. மறுநாளிலிருந்து எனக்குக் கேள்வி மேல் கேள்வி. நான் வனத்துறை ஆள் இல்லை, இந்தப் படங்களைத் தினமும் பார்க்கிற பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி கார்த்தி: அண்ணா, ஏழு மணிக்கு என் கண்ணாலேயே தீயைப் பார்த்தேன். தீ எரியும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே?

ஏழு மணிக்கு எரிந்ததுதான் காரணம் தம்பி. அதில் வரும் புள்ளிகளில் பெரும்பாலானவை விஐஐஆர்எஸ் என்ற, மேலிருந்து தீயின் வெப்பத்தைப் பிடிக்கும் கருவி எடுப்பவை. அதைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் மதியம் ஒன்றரை வாக்கிலும் ராத்திரி ஒன்றரை வாக்கிலும்தான் கடக்கும், சாயங்காலம் பற்றிப் பத்து மணிக்குள் அணைந்த தீ அதன் கண்ணில் படாது. நம் வானிலைச் செயற்கைக்கோள் இன்சாட்-3டிஆர் அரை மணிக்கு ஒரு படம் தருகிறதே என்பீர்கள். சரி, ஆனால் அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரு கட்டமே 4 கி.மீ., நம் புல்தீ அதில் கரைந்துபோகும்.

ஏற்காடு மேரி: சார், ஒரு புள்ளி எங்கள் காபித் தோட்டத்து மேலேயே விழுந்திருந்தது. பதறி ஓடினால் சருகுகூடக் கருகவில்லை.

புள்ளி என்பது 375 மீட்டர் சதுரத்தின் நடுப்பகுதிங்க. கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதற்குள் எந்த மூலையில் எரிந்தாலும் குறி நடுவில்தான் விழும், கீழ்ச் சரிவில் எரிந்திருக்கும். 35 ஏக்கரும் எரிந்தது என்றும் அர்த்தமில்லை.

கன்னங்குறிச்சி செல்வி: மதியப் படத்தில் வானம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் விடிகாலையில் வீடெல்லாம் புகை நாற்றம். எதை நம்புவது?

மூக்கை நம்புங்க. ராத்திரி மலைச்சரிவு குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி அடிவாரத்துக்கு வழியும், புகையையும் கூட்டிக்கொண்டு. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றி மலை நிற்கிற சட்டிதானே நம் ஊர், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிட்டால் போக வழியில்லை. விடிகாலையில் மூக்கனேரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீருக்கு மேல் ஆள் உயரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு அசையாமல் கிடக்கும். வெயில் ஏறியதும் அது கலைந்து மேலே போய்விடும், செயற்கைக்கோள் வந்து பார்ப்பது அதற்கப்புறம்தான்.

இதற்கு நேர்மாறாக, படத்தில் புகை தெரிந்தும் தரையில் இல்லாமலும் போகும். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கில் தரையிலேயே இறங்கி வானத்தை ஆரஞ்சாக்கியது. அதே மாதம் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போனது, ஆனால் அங்கே பெரும்பாலும் உயரத்திலேயே நின்றதால் சூரியன் மங்கியதே தவிர தரையில் பெரிய பாதிப்பில்லை. படத்தில் இரண்டுமே புகைதான். மேலிருந்து பார்க்கிற கருவிக்குத் தரையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தப் புகை தெரியும், உங்கள் வாசல் உயரத்தில் எவ்வளவு என்று சொல்லத் தரையில் ஒரு பிஎம் 2.5 மீட்டர், அதாவது காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் கருவி வேண்டும்.

ஓமலூர் ரமேஷ்: மலைக்கும் ஊருக்கும் நடுவே தினமும் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுவும் புகையா?

அது மேக்னசைட் சுரங்கம். புகை தினமும் ஒரே இடத்தில் உட்காராது.

கல்லூரி மாணவி ஒருவர்: மேகத்தையும் புகையையும் எப்படிப் பிரிப்பது?

நாசாவின் செயற்கைக்கோள் படங்கள் வரும் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து வால் எங்கே தொடங்குகிறது என்று பாரும்மா. புகை ஒரு முனையில் ஒல்லியாகப் புறப்பட்டு காற்றுப் போகும் பக்கம் விசிறியாக விரியும், நீலச் சாம்பலாக, அடியில் தரை தெரியும். மேகம் பளிச்சென்று வெள்ளை, பக்கத்தில் நிழலும் விழும். சந்தேகமாக இருந்தால் குறுஅலை அகச்சிவப்புப் படத்துக்கு மாற்று. புகைத்துகள் அந்த அலையைவிடப் பொடி என்பதால் மெல்லிய புகை மறைந்துபோகும், மேகம் அப்படியே நிற்கும். ஆனால் நம் மலையில் எரிவது பெரும்பாலும் புல்லும் சருகும், அந்தப் புகை பல நாள் எந்தப் படத்திலும் தெரியாது.

வாழப்பாடி செந்தில்: எவ்வளவு எரிந்தது என்று அப்புறமாவது பார்க்க முடியுமா?

முடியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் வரை துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும், இலவசம். எரிந்த தடம் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே கருப்புத் துண்டாகத் தெரியும். கோடை மழை ரெண்டு விழுந்தால் புல் முளைத்துவிடும், அதற்குள் படத்தை இறக்கி வையுங்கள்.