வேப்பிலை போட்டும் வண்டு

கேள்வி: விதைக்கு வைத்த பயறில் வேப்பிலை போட்டும் வண்டு விழுந்துவிட்டதே, ஏன்?

பதில்: பச்சை இலையைப் போட்டீர்களோ? நானும் ஒருமுறை அப்படிப் போட்டு, வண்டோடு பூசணத்தையும் சேர்த்து வளர்த்தேன்! நிழலில் சருகாகக் காய்ந்த இலைதான் உதவும். அதுவும் வெளி வண்டை விரட்டுமே தவிர, பயறுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. பயறு வண்டு வயலிலேயே, நெற்றின்மேல் முட்டையிட்டுவிடும். சேமித்த பயறின் தோலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் முட்டை.

கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை வெயிலில் காயவையுங்கள். ஆறியதும் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றை அடைத்துவிடும். சமையலுக்கான பயறென்றால் சமையல் எண்ணெயே போதும். வசம்புத் தூள், கிலோவுக்கு 10 கிராம், விதைக்கு மட்டும். சாப்பிடும் தானியத்தில் கலக்க நான் சொல்லமாட்டேன்.