ஆயுதம் இல்லாத மனிதனால் ஆபத்தான விலங்கை எதிர்த்து நிற்க முடியுமா?

கேள்வி இதுதான்: கத்தி, துப்பாக்கி, தடி எதுவும் இல்லாத ஒரு சராசரி மனிதன் புலி, கரடி, முதலை, வெறிநாய் போன்றவற்றிடம் சிக்கினால் சண்டையிட்டுத் தப்ப முடியுமா?

கொல்ல முடியுமா என்றால், அநேகமாக முடியாது. விரட்ட முடியுமா என்றால், நாம் நினைப்பதைவிட அதிகமான சந்தர்ப்பங்களில் முடியும். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். மல்யுத்தக் களத்தில் இறங்கியதுபோல ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் சிறுத்தை, கடைசியில் யார் எழுந்து நிற்பார் என்ற கணக்கு. விலங்குகள் அந்தக் கணக்கில் சண்டை போடுவதில்லை.

நான் கால்நடை மருத்துவர். புலியை நான் தொட்டதில்லை. என் மேசைக்கு வருபவை நாயும் பூனையும்தான். ஆனால் பூனை ஒன்றே போதும், மனித உடல் எவ்வளவு மோசமான போர்க்கருவி என்று புரிந்துகொள்வதற்கு. பயந்துபோன ஒரு நான்கு கிலோ பூனைக்கு ஊசி போட இரண்டு ஆட்களும் ஒரு தடித்த துண்டும் வேண்டும். வெறுங்கையால் பிடிக்க முயன்றவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பூனையின் தோல் உடலோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. பிடரித் தோலைக் கெட்டியாகப் பிடித்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும்போதே, தோலுக்குள் உடல் திரும்பிவிடும். முதுகெலும்பு வில்லாக வளையும். முன்னங்கால்கள் உங்கள் முன்கையைக் கட்டிக்கொள்ளும். பின்னங்கால்கள் இரண்டும் மேலே வந்து அதே கையை உதைத்து உதைத்துக் கிழிக்கும். அதோடு கடியும் விழும். கோரைப்பல் போட்ட ஓட்டை பார்ப்பதற்குச் சிறியதாக இருக்கும், ஆனால் ஆழமானது. வாயில் இருந்த கிருமிகள் உள்ளே போய்விட, வெளியே துளை மூடிக்கொள்ளும். மறுநாள் விரலை மடக்க முடியாது.

இத்தனைக்கும் அந்தப் பூனைக்கு உங்களைக் கொல்லும் எண்ணம் இல்லை. தப்பி ஓட வேண்டும், அவ்வளவுதான். கொன்றே தீருவது என்று ஒரு பெரிய மனிதர் இறங்கினால் பூனையைக் கொன்றுவிடலாம், கை கந்தலாகும். சிறுத்தை என்பது அதே உடல் அமைப்பு, எடை மட்டும் 30 முதல் 70 கிலோ வரை. வளர்ந்த ஆண் வங்கப்புலி 200 கிலோவைத் தாண்டும். அதற்குமேல் கணக்குப் போடத் தேவையில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? நகம் மெல்லியது. வாய் சிறியது, தாடை பின்தள்ளியது, கடிப்பதற்கு முகத்தையே கொண்டுபோய் எதிரியின் வாயருகில் வைக்க வேண்டும். தோலுக்கு மேல் ரோமப் போர்வை இல்லை. இரண்டு காலில் நிற்பதால் தொண்டை முதல் அடிவயிறு வரை அத்தனையும் முன்பக்கம் திறந்து கிடக்கிறது. தசை வலிமையிலும் நாம் பின்தங்கியவர்கள்தான்: ஒரே அளவு தசையை எடுத்துக்கொண்டால், சிம்பன்சியின் தசை மனிதத் தசையைவிட ஏறத்தாழ 1.35 மடங்கு ஆற்றல் தருகிறது என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. குத்துச்சண்டை தெரியும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய நாயின் மண்டைக்கு மேல் இரண்டு பக்கமும் தாடைத் தசை மெத்தைபோல் கிடக்கும். அதற்கு அடியில் கெட்டியான எலும்பு. கையுறை இல்லாமல் அங்கே முழு பலத்தோடு குத்தினால் முதலில் உடைய வாய்ப்புள்ளது உங்கள் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்பு.

ஆனாலும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. 2021-ல் யூகவ் நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது: ஆயுதம் இல்லாமல் எந்தெந்த விலங்கை உங்களால் அடித்து வெல்ல முடியும்? எலியை வெல்வேன் என்றவர்கள் 72 சதவீதம். வாத்துக் குடும்பத்துக் கூஸ் பறவையை வெல்வேன் என்றவர்கள் 61. பெரிய நாயை 23 சதவீதம். கொடுங்கரடியான கிரிஸ்லியையே வெல்வேன் என்றவர்கள் 6 சதவீதம்! அந்த ஆறு சதவீதத்தினரைவிட எனக்கு ஆச்சரியம் தந்தவர்கள், எலியிடமே தோற்றுவிடுவோம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டவர்கள். 2025-ல் இணையம் முழுக்க ஓடிய ‘நூறு ஆண்களும் ஒரு கொரில்லாவும்’ விவாதமும் இதே ரகம். நூறு பேர் சேர்ந்தால் வெல்லலாம்தான். முதல் பத்துப் பேராக யார் போவது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

வெறுங்கையால் வென்றவர்களே இல்லையா? இருக்கிறார்கள். விலங்குகளைப் பதப்படுத்தி அருங்காட்சியகங்களில் நிறுத்தும் கலையில் பேர்பெற்ற அமெரிக்கர் கார்ல் ஏக்லி, 1896-ல் சோமாலிலாந்தில் ஒரு சிறுத்தையைக் கையாலேயே கொன்றார். இறந்த சிறுத்தையோடு, கைகளில் கட்டுப் போட்டபடி அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் உலவுகிறது. தொண்டையைக் குறிவைத்துப் பாய்ந்த சிறுத்தை அவருடைய வலது மேற்கையைக் கவ்வியது. அவர் கையை வெளியே இழுக்கவில்லை. வாய்க்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தள்ளி, மறுகையால் தொண்டையை நெரித்து, கீழே விழுந்ததும் முழங்காலால் அதன் மார்பை அழுத்தி விலா எலும்புகளை நொறுக்கினார். கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி: அது ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ள சிறுத்தை, அவர் சுட்டதில் ஏற்கெனவே காயம்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோவில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், தன்மேல் பாய்ந்த பூமாவின் (அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பூனையினம்) கழுத்தைக் காலால் மிதித்து மூச்சை நிறுத்தினார். உலகமே கொண்டாடியது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அது சில மாதமே ஆன குட்டி, எடை 20 கிலோகூட இருக்காது என்று தெரிந்தது. இருவருடைய துணிச்சலையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதன் வென்ற கதைகளைத் தோண்டினால் எதிரில் இருந்தது குட்டியாகவோ காயம்பட்டதாகவோ இருந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி விரட்டுவதற்கு வருவோம். வேட்டையாடும் விலங்குக்கு மருத்துவமனை கிடையாது. ஒரு பல் உடைந்தால், ஒரு கண் போனால், பாதத்தில் முள் ஏறிச் சீழ் பிடித்தால் அதன் பிழைப்பே போயிற்று. 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வட இந்தியாவின் சம்பாவத் பகுதியில் சுட்டுக் கொன்ற பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாததால்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. ஆகவே நல்ல உடல்நிலையில் உள்ள ஒரு வேட்டை விலங்கு, ‘இதைத் தின்ன முடியுமா’ என்பதோடு ‘இதில் எனக்கு அடிபடுமா’ என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது. நீங்கள் வெல்ல வேண்டியதில்லை. இந்த உணவு இவ்வளவு தொல்லைக்குத் தகாது என்று அது முடிவெடுத்தால் போதும்.

புலியை முறத்தால் விரட்டிய தமிழ்ப் பெண்ணின் கதையைச் சிறுவயதில் கேட்டு மிகை என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு மிகையாகப் படவில்லை. அகலமான ஒன்றை முகத்துக்கு நேரே வீசிக்கொண்டு கத்தியபடி முன்னால் வரும் உருவம், எந்த மாமிச உண்ணியின் கணக்கிலும் இல்லாத ஒன்று. பெரிய பூனைகள் பதுங்கி வந்து, பின்னாலிருந்து, தெரியாமல் அடிப்பவை. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தாலே பாதி வேகம் போய்விடும். இதனால்தான் 1980களில் சுந்தரவனக் காடுகளுக்குப் போன தேனெடுப்பவர்களுக்கும் விறகு வெட்டுபவர்களுக்கும் தலையின் பின்பக்கம் அணிய மனித முகமூடி கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச காலத்துக்கு நன்றாகவே பலித்தது. பிறகு புலிகள் புரிந்துகொண்டுவிட்டன.

அதே காரணத்தால் ஓடக் கூடாது. உசேன் போல்ட் தன் உச்சத்தில் தொட்ட வேகம் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர். கரடி 50-ஐ எட்டும். வேகத்தைவிட முக்கியமானது, முதுகு காட்டி ஓடுவது ‘நான் இரை’ என்று நீங்களே அறிவிப்பது.

எல்லா விலங்கும் தின்பதற்காக வருவதில்லை என்பதால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பயத்தாலோ, குட்டியைக் காக்கவோ தாக்கும் விலங்கிடம் வீராப்புக் காட்டினால் அதன் பயம்தான் கூடும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் அறிவுரை இதனாலேயே கரடிக்குக் கரடி மாறுகிறது. கிரிஸ்லி உள்ளிட்ட பழுப்புக் கரடி தாக்கினால் குப்புறப் படுத்து, பிடரியின்மேல் விரல்களைக் கோத்துக்கொண்டு, செத்ததுபோல் கிடக்க வேண்டும். முதுகுப்பை இருந்தால் கழற்றக் கூடாது. அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. முகத்தையும் மூக்கையும் குறிவைத்து அடிக்க வேண்டும். பழுப்புக் கரடியும் விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் அது தற்காப்பு இல்லை, சாப்பாடு. அப்போது நீங்களும் அடிக்க வேண்டியதுதான். கருங்கரடிகளில் சில பழுப்பு நிறத்திலேயே இருக்கும் என்பது இந்த அறிவுரையில் உள்ள குரூரமான நகைச்சுவை.

யானை, நீர்யானை, காட்டெருமை ஆகியவற்றிடம் கை ஓங்குவதைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை. விலகுங்கள், மரத்தையோ பாறையையோ நடுவில் வையுங்கள். பாம்பிடமும் சண்டை என்ற ஒன்று கிடையாது. இரண்டடி பின்னால் நகர்ந்தால் அந்தக் கதை முடிந்தது.

முதலையிடம் கொஞ்சம் பேசலாம். உவர்நீர் முதலை ஒன்றின் கடி விசை 16,414 நியூட்டன் என்று 2012-ல் வெளியான அளவீடு சொல்கிறது. ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடை பல்லின்மேல் உட்கார்வதற்குச் சமம் அது. வாயை மூடும் தசை அப்படி. திறக்கும் தசையோ, ஒட்டுநாடாவைச் சுற்றினால் அடங்கிவிடும் அளவுக்குப் பலவீனம். ஆனால் நீங்கள் வாய்க்குள் மாட்டிக்கொண்ட பிறகு இந்த அறிவால் என்ன பயன்? அங்கே மிஞ்சுவது கண்ணும், தொண்டையின் வாசலில் இருக்கும் ஒரு மடிப்புத் தடுப்பும்தான். நீருக்கடியில் வாயைத் திறந்தாலும் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்தத் தடுப்பு. அதைப் பிடித்து இழுத்தும், கண்ணில் விரலை விட்டும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். சுறாவிடம் சிக்கினால் குறிவைக்க வேண்டியவை கண்ணும் செவுளும்.

இவற்றையெல்லாம் படிப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் சந்திக்கப் போகும் ஆபத்தான விலங்கு நாய்தான். ஆகவே என் தொழில் சார்ந்து கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாய் பாய்ந்து வரும்போது பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில்லுங்கள், கைகளை ஆட்டாதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். பை, குடை, கழற்றிய சட்டை, ஏதாவது ஒன்றை நடுவில் நீட்டுங்கள். பல நாய்கள் அதைக் கவ்விக்கொண்டு திருப்தியடைந்துவிடும். கவ்விவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கடியைவிட அந்த இழுப்பில்தான் சதை அதிகம் கிழிகிறது. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடுங்கள்.

வெறிநாய் மட்டும் நான் மேலே சொன்ன கணக்குக்குள் வராது. நோய் மூளையைத் தொட்டுவிட்டதால் லாப நட்டம் பார்க்கும் திறன் அதற்கு இல்லை. கத்தினாலும் அடித்தாலும் பின்வாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சண்டையில் நீங்கள் ‘வென்றாலும்’ ஒரு சிறு கீறல் போதும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 99 சதவீதத்தினருக்கு நோய் வந்தது நாய்களிடமிருந்து. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது.

கடைசியாக, மனித உடலில் பாராட்டத்தக்க ஒரே போர்த்திறன் தோளில் இருக்கிறது. பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பந்தை எறிகிறார். நம்மைவிட வலுவான சிம்பன்சியால் முப்பதைத் தாண்டுவதே கடினம். கல் பட வேண்டும் என்றுகூட இல்லை. அடிபட்டுப் பழகிய நாய், நீங்கள் குனிந்ததுமே பத்தடி பின்வாங்கும். ஆனால் பூமாவுக்கும் சிறுத்தைக்கும் முன்னால் அதையே செய்துவிடாதீர்கள். குனிந்தால் உங்கள் உயரம் பாதியாகிறது, பிடரி திறக்கிறது, நான்கு கால் இரையின் வடிவம் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் பாட்டில், செருப்பு, பை என்று எதையாவது நின்றபடியே எறியுங்கள். கூடக் குழந்தை இருந்தால், விலங்கின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடங்கள்.